தெரிந்ததைச் சொல்ல மனம் எப்போது வரும்?

(மாணவி, இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

பொருளைக் கொடுத்தால் குறையும், கல்வியைக் கொடுத்தால் வளரும் என்று தொடக்கப் பள்ளி நாள் முதல் கேட்டு வருகிறோம். மேடையேறிப் பேசுகிறோம், கட்டுரைப் போட்டியில் எழுதிப் பரிசும் பெறுகிறோம். ஆனால் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பக்கத்து இருக்கைத் தோழி குறிப்பேட்டைக் கேட்டால், "வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேனே" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்! நானும் சொல்லியிருக்கிறேன். குறிப்பேடு அப்போது என் பையிலேதான் இருந்தது.

வகுப்பறையில் சிறியதாகத் தெரியும் இந்தப் பழக்கம் பட்டறையிலும் அலுவலகத்திலும் பெரிய உருவம் எடுக்கிறது. பழைய எழுத்தர் புதிய எழுத்தருக்குக் கோப்பின் போக்கைச் சொல்லித் தருவதில்லை. தேர்ந்த தொழிலாளி இளைய தொழிலாளியின் முன்னே கருவியின் நுணுக்கத்தைக் காட்டுவதில்லை. மேலதிகாரிகள் இவர்களைத் தன்னலக்காரர்கள் என்கிறார்கள். அது சரியான தீர்ப்புத்தானா? ஒருவர் தாம் அறிந்ததை உடன் உழைப்பவருக்குச் சொல்ல எது தூண்டுகிறது, எது தடுக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த எண்ணம் எனக்குப் பாடநூலிலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டுக் கதை

என் தந்தையார் ஒரு சிறு நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தினக்கூலியாக வேலை பார்ப்பவர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதற்கு வால்வுகளைத் திறந்து மூடுவது அவர் பணி. கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் எங்கள் ஊரில் குழாய்கள் ஒரே காலத்தில் பதிக்கப்பட்டவை அல்ல. பழைய குழாய் ஒரு பக்கம், புதிய குழாய் ஒரு பக்கம். சாலை போடும்போது தாருக்கு அடியில் மறைந்துபோன வால்வுகள் சில. வலப்புறம் திருப்பினால் மூடும் வால்வுகளுக்கு நடுவே இடப்புறம் திருப்பினால் மூடும் வால்வுகள் இரண்டு உண்டு. ஒன்றை ஏழு சுற்றுக்கு மேல் திறந்தால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. இவை எதுவும் அலுவலகத் தாளில் இல்லை. அத்தனையும் என் தந்தையாரின் தலையில் இருந்தன.

அவருக்கு உதவியாக ஓர் இளைஞர் நியமிக்கப்பட்டார். நிரந்தரப் பணி, மாதச் சம்பளம். தந்தையார் அவரை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போவார்; ஆனால் முக்கியமான வால்வுக்கு வந்ததும், "நீ போய் டீ சாப்பிட்டுட்டு வா தம்பி" என்று அனுப்பிவிடுவார். நான் அப்போது முதலாண்டு மாணவி. கற்றதை மற்றவர் உணரும்படி எடுத்துரைக்க மாட்டாதவரைக் கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு வள்ளுவர் ஒப்பிட்டிருப்பதைத் தமிழ் வகுப்பில் கேட்டுவிட்டு வந்த புதிது. அன்று மாலை தந்தையாரிடம் அதைச் சொல்லி, "நீங்க மட்டும் ஏம்ப்பா அந்த அண்ணனுக்குச் சொல்லித் தர மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கும்மா?" என்றார்.

எனக்கு அவர்மேல் வருத்தமே உண்டாயிற்று. அடுத்த கோடையில் அவர் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்துவிட்டார். இரண்டு தெருக்களுக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. அதில் ஒன்று என் அத்தை வாழ்க்கைப்பட்ட தெரு. பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் அமர்ந்தார்கள். ஐந்தாம் நாள் மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தந்தையார் படுக்கையில் சாய்ந்தபடி என் கணக்கு நோட்டின் பின் அட்டையில் கோடு போட்டுக் காட்டினார். அன்று மாலை அத்தை தெருவில் தண்ணீர் வந்தது. அவர்கள் தேடி வந்தார்களே என்று எனக்குப் பெருமை. நான்கு நாள் அத்தை அடுத்த தெருவுக்குக் குடம் சுமந்தாளே என்று வெட்கம். இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின. இன்றும் இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

மறைத்தவர்களின் வரலாறு

அறிவை மறைப்பது என் தந்தையாரோடு தொடங்கிய வழக்கம் அன்று. 1569ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய சேம்பர்லென் குடும்பத்தைப் பற்றி மருத்துவ வரலாறு கூறுகிறது. அக்குடும்பத்தார் பிரசவ மருத்துவர்கள். குழந்தை வெளிவர முடியாமல் தாய் தவிக்கும்போது குழந்தையின் தலையைப் பற்றி வெளியே எடுக்கும் இடுக்கியை, நம் ஊரில் "ஆயுதம் போட்டு எடுப்பது" என்று சொல்லும் அந்தக் கருவியை, அவர்களே உருவாக்கினார்கள். உருவாக்கியதை நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்ப இரகசியமாகவே வைத்துக்கொண்டார்கள். கருவியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்வார்களாம். பிரசவிக்கும் தாயின் கண்களையும் கட்டிவிடுவார்களாம். 1670ஆம் ஆண்டில் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஹ்யூ சேம்பர்லென் பாரிசுக்குச் சென்று அதை விலை பேசவும் முயன்றார். 1813ஆம் ஆண்டில், எசெக்ஸ் பகுதியில் அக்குடும்பம் முன்பு வாழ்ந்த வீட்டின் தளத்துக்கு அடியில் அந்த இடுக்கிகள் கண்டெடுக்கப்பட்டன.

அந்த நூறு ஆண்டுகளில் காப்பாற்றப்படாமல் போன தாய்மார்கள் எத்தனை பேரோ! சேம்பர்லென் குடும்பம் வறுமையில் வாடிய குடும்பம் அன்று. அரச குடும்பத்துக்கே மருத்துவம் பார்த்த குடும்பம். அவர்கள் மறைத்தது பேராசையால் என்றே நான் கருதுகிறேன். இவ்வகை மறைப்புக்கு நியாயம் கிடையாது.

நம் நாட்டிலும் இது வேறு வடிவில் இருந்தது. ஏகலைவனின் கட்டைவிரல் கதையைக் கேட்காதவர் இல்லை. யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதைப் பிறப்பே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த அரசினர் கல்லூரியில் என்னோடு அமர்ந்திருக்கும் பலரும் அப்படியே. பூட்டி வைக்கப்பட்ட அறிவு எத்தனை தலைமுறைகளின் வாழ்வைப் பறிக்கும் என்பது நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் எல்லா மறைப்பையும் ஒரே தராசில் வைத்தல் கூடாது. வலியவன் மேலும் சேர்ப்பதற்காக மறைக்கிறான். எளியவன் உள்ளதைக் காப்பதற்காக மறைக்கிறான். நம் அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் மிகுதியாக இருப்பது இரண்டாவது வகையே.

அச்சம் வாயைக் கட்டும்

மேலாண்மைப் பாடத்தில் டெய்லரைப் படிக்கிறோம். 1911ஆம் ஆண்டில் வெளிவந்த "அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்" என்னும் நூலில், தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். இதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அன்று என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். வேகமாகச் செய்ய முடியும் என்று தெரிந்தால் முதலாளி உருப்படிக்கான கூலியைக் குறைத்துவிடுவார் என்பதைத் தொழிலாளி பட்டு அறிந்திருந்தான்.

இதைத் தம் கையாலேயே செய்து பார்த்து எழுதியவர் டொனால்ட் ராய் என்னும் அமெரிக்க ஆய்வாளர். அவர் 1944-45இல் ஓர் இயந்திரப் பட்டறையில் துளையிடும் இயந்திரத்தில் தொழிலாளியாகவே வேலை செய்தார். பின்னர் 1952ஆம் ஆண்டில் தாம் கண்டதைக் கட்டுரையாக வெளியிட்டார். வேலையைச் சீக்கிரம் முடிக்கும் குறுக்கு வழிகள் அங்கே தொழிலாளர் பலருக்குத் தெரிந்திருந்தன. நேரத்தைக் கணிக்கும் அதிகாரி கடிகாரத்தோடு வந்து நின்றால் இயந்திரம் மெதுவாக ஓடும். அவர் போன பின்னால் வேறு வேகம். அதே தொழிலாளர்கள், புதிதாக வந்த ராய்க்கு வேலையையும் கற்றுத் தந்தார்கள். நேரக் கணிப்பாளரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் கற்றுத் தந்தார்கள்.

இதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். பகிரும் குணம் அவர்களிடம் இல்லாமல் இல்லை. தங்களுக்குள் தாராளமாகவே பகிர்ந்துகொண்டார்கள். யாரிடம் சொன்னால் தன் கூலி குறையுமோ அவரிடம் மட்டுமே மறைத்தார்கள். ஆகவே, "எங்கள் ஊழியர்கள் அறிவைப் பகிர்வதில்லை" என்று ஒரு மேலாளர் குறை கூறினால், அவரைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சொன்னவருக்கு இதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் என்ன நேர்ந்தது?

என் தந்தையாரின் நிலையும் இதுவே. பத்தொன்பது ஆண்டில் அவரிடம் நியமன ஆணை இல்லை, ஓய்வூதியம் இல்லை. அந்த முப்பத்தேழு வால்வுகளின் கணக்கு ஒன்றுதான் அவருக்கு வேலை உத்தரவாதம். அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதுவும் தராத ஓர் ஏற்பாட்டை எப்படி அவர் விரும்புவார்? மணமில்லா மலர் என்று அவரைக் குத்திக் காட்டிய எனக்கு, இது புரிய ஈராண்டு ஆயிற்று.

அச்சத்தில் இன்னொரு வகையும் உண்டு. அது தவறு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம். ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்கு இணைந்து செயற்படும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பிறகு ஆராய்ந்தபோது, அந்தக் குழுக்களில் தவறு நேர்ந்தால் அஞ்சாமல் சொன்னார்கள் என்பதும், மற்றக் குழுக்களில் மறைத்தார்கள் என்பதும் விளங்கிற்று. "இப்படிச் செய்தேன், தவறிவிட்டது" என்பதும் ஓர் அறிவுதான். அதைச் சொன்னவுடன் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும் இடத்தில், இரண்டாவது முறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்தவரும் அதே குழியில் விழுவார்.

பணம் கொடுத்தால் போதுமா?

"சொல்லிக் கொடுப்பவருக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் தீர்ந்தது" என்பார் சிலர். வணிகவியல் மாணவியான எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அனுபவம் வேறாக இருக்கிறது. தென் கொரியாவில் பல நிறுவனங்களின் அலுவலர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெகுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, அறிவைப் பகிரும் மனப்பான்மையை வளர்ப்பதற்குப் பதிலாகக் குறைத்தது என்று அதில் கண்டார்கள். உடன் பணியாற்றுவோருடன் நல்லுறவு இருந்தவர்களும், தாம் சொல்வது நிறுவனத்துக்குப் பயன்படுகிறது என்று உணர்ந்தவர்களுமே விருப்பத்தோடு பகிர்ந்தார்கள்.

இதற்குச் சிறந்த சான்று செராக்ஸ் நிறுவனத்தில் கிடைக்கிறது. நம் ஊரில் நகலெடுக்கும் கடைக்கே "செராக்ஸ் கடை" என்று பெயர். அந்த நிறுவனத்தின் பழுது பார்ப்போரோடு ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1980களில் ஊர் ஊராகச் சுற்றினார். பழுது பார்க்கும் முறை முழுவதும் நிறுவனம் தந்த கையேட்டில் இருந்தது. ஆனால் கையேட்டில் இல்லாத பழுதுகளே அவர்களைத் திணற அடித்தன. அவற்றுக்கு விடை எங்கே கிடைத்தது தெரியுமா? காலைச் சிற்றுண்டியின் போதும் மதிய உணவின் போதும் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில்! "அந்த இயந்திரம் இப்படிச் செய்தது, நான் இதைக் கழற்றிப் பார்த்தேன்" என்ற பேச்சிலேயே தொழில் வளர்ந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது வீண் அரட்டை.

பின்னர் 1990களில் அந்தக் குறிப்புகளை எல்லோரும் காணும்படி கணினியில் தொகுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு "யுரேகா" என்று பெயர். குறிப்பு தருவோருக்குப் பணம் தரலாம் என்ற யோசனை வந்தபோது பழுது பார்ப்போரே அதை ஏற்கவில்லை. பணம் என்று வந்தால் குறிப்புகளின் எண்ணிக்கை பெருகும், தரம் கெடும் என்பது அவர்கள் எண்ணம். மாறாக, ஒவ்வொரு குறிப்பையும் அத்தொழில் தெரிந்தவர்களே சோதிக்க வேண்டும். தேறிய குறிப்பின் கீழ் அதைத் தந்தவரின் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். அவ்வாறே செய்யப்பட்டது. சக தொழிலாளி மதிக்கும்படி தன் பெயர் நிலைத்தால் போதும் என்று அவர்கள் கருதினார்கள்.

பணம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. வயிறு நிறையாதவனிடம் புகழைப் பற்றிப் பேசுவது கேலி. செராக்ஸ் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் இருந்தது. ஆகவே பெயர் போதுமானதாயிற்று. முதலில் நிலையான வாழ்வு. அதன் பிறகே பெயர். இந்த வரிசை மாறினால் எந்தத் திட்டமும் பயன் தராது.

கார்ன்வால் சுரங்கங்கள் காட்டிய வழி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்னும் பகுதி இருக்கிறது. செம்பும் வெள்ளீயமும் கிடைத்த நாடு. சுரங்கம் ஆழமாகப் போகப் போக நீர் ஊறும். அதை நீராவி எந்திரத்தால் இறைக்க வேண்டும். நிலக்கரியோ அங்கே கிடையாது. வேல்சிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆகவே குறைந்த கரியில் நிறைய நீர் இறைப்பது அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. ஜேம்ஸ் வாட் பெற்றிருந்த காப்புரிமை 1800ஆம் ஆண்டு வரை நீடித்தது. அதுவரை வேறு எவரும் அந்த எந்திரத்தில் தம் போக்கில் கை வைக்க இயலவில்லை.

1811ஆம் ஆண்டில் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் ஒரு மாத அறிக்கையை வெளியிடத் தொடங்கினார். எந்தச் சுரங்கத்தில் எந்த எந்திரம், அதன் அளவு என்ன, ஒரு புஷல் கரியை எரித்து எவ்வளவு நீரை உயர்த்தியது, பொறுப்பான பொறியாளர் யார் என்று எல்லாமே அதில் அச்சாகும். 1812ஆம் ஆண்டில் ட்ரெவிதிக் என்னும் பொறியாளர் உயர் அழுத்த நீராவியில் இயங்கும் புதிய எந்திரத்தை அங்கே நிறுவினார். அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. ஒருவர் செய்த திருத்தத்தை அடுத்தவர் பார்த்தார். அதை மேலும் திருத்தினார். அதுவும் அறிக்கையில் வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அதே அளவு கரியைக் கொண்டு எந்திரங்கள் செய்த வேலை சராசரியாக மும்மடங்கு ஆயிற்று. தனி ஒரு மேதையின் சாதனை அன்று இது. பலர் கை கூடிச் செய்த சாதனை.

போட்டியாளர்களாகிய அந்தப் பொறியாளர்கள் ஏன் மறைக்கவில்லை? இரண்டு காரணங்கள் எனக்குப் புலப்படுகின்றன. ஒன்று, அறிக்கையில் தம் பெயர் மேலே வந்தால் அடுத்த சுரங்கத்தார் தம்மைத் தேடி வந்து வேலை தருவார்கள். சொன்னதால் பிழைப்பு கெடவில்லை, வளர்ந்தது. மற்றொன்று, சுரங்கங்களில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே சுரங்கத்தில் போட்டவர்கள் அல்லர். பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தவர்கள். ஒரு சுரங்கத்தின் நன்மை மற்றொன்றுக்குப் பரவினால் அவர்களுக்கு இலாபமே. சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் நலம் ஒன்றாக இருந்தது. இந்த இரண்டும் உள்ள இடத்தில் அறிவைப் பகிருங்கள் என்று எவரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

சொல்ல நேரம் வேண்டும்

அச்சம் நீங்கிவிட்டது, மனமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு தடை இருக்கிறது. கைத்தொழில் அறிவில் பெரும்பகுதியைச் சொல்லாக்க முடியாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரை, எப்படி ஓட்டுகிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால் திகைத்துப் போவார். மைக்கேல் போலன்யி என்னும் அறிஞர் இதை "உள்ளுறை அறிவு" என்ற பொருளில் 1966ஆம் ஆண்டு நூலில் விளக்கினார்.

ஜப்பானில் மட்சுஷிடா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி செய்யும் கருவியை உருவாக்க முயன்றது. எந்திரம் பிசைந்த மாவு சரியாக வரவில்லை. 1985ஆம் ஆண்டில் இகுகோ தனாகா என்னும் மென்பொருள் வல்லுநர் ஓசாகாவில் நல்ல ரொட்டிக்குப் பேர்பெற்ற ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் தொழில் பழகச் சென்றார். அவர் மாவைப் பிசைகையில் இழுத்து முறுக்குகிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தும் தானே செய்தும் அறிந்துகொண்டார். அந்த அசைவைக் கருவிக்குள் கொண்டுவந்த பிறகே ரொட்டி ரொட்டியாக வந்தது. 1987இல் கருவி விற்பனைக்கு வந்தது. அந்த ரொட்டிக்காரரிடம் ஒரு படிவத்தை நீட்டி "உங்கள் செய்முறையை நிரப்புக" என்றிருந்தால், "முறுக்குகிறேன்" என்று எழுதியிருப்பாரா என்பது ஐயமே. தம் கை முறுக்குவது அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ!

நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. சட்டம் பழகுநரை இயந்திரத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்த முடியும். ஆனால் மூத்த தொழிலாளியின் அன்றாட உற்பத்திக் கணக்கில் ஓர் உருப்படி கூடக் குறையக் கூடாது என்று மேற்பார்வையாளர் நின்றால், அந்தப் பிள்ளைக்கு அவர் எப்போது சொல்லித் தருவார்? கற்பிக்கும் நேரமும் வேலை நேரமே என்று கணக்கில் எழுத வேண்டும்.

மறுப்பும் விடையும்

"இதெல்லாம் எதற்கு? இனி எல்லாம் கணினியிலும் கைபேசியிலும் வந்துவிடும்" என்பார் உண்டு. கணினி நல்ல பேழை. ஆனால் பேழைக்குள் போடுவதற்கு மனிதன் மனம் வைக்க வேண்டும். பல அலுவலகங்களில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்கள் நூறு வருகின்றன. தொழில் நுணுக்கம் ஒன்று வருவது அரிது. குழுவில் மேலதிகாரியும் இருக்கிறார் அல்லவா!

"உத்தரவு போட்டால் சொல்லத்தானே வேண்டும்" என்பார் வேறு சிலர். உத்தரவால் பெறப்படுவது ஏட்டுச் சுரைக்காய். ஏழு சுற்று என்று சொல்லிவிட்டு, இடப்புறம் என்பதைச் சொல்லாமல் விட்டால் எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்?

நம் அலுவலகங்களின் பிரிவு உபசார விழாவை நினைத்துப் பாருங்கள். சந்தன மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், காரம் காப்பி. "அண்ணாரது இழப்பு ஈடு செய்ய முடியாதது" என்று ஐந்து பேர் பேசுகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் தலையில் சேர்ந்தது என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. மறுநாள் காலை அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "சார், அந்தக் கோப்பு எந்த அலமாரியில்?" என்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்? முதலாவதாக, தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தவர் அதனாலேயே வேலையையோ கூலியையோ இழக்க மாட்டார் என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். இரண்டாவதாக, ஒருவரிடமிருந்து பெற்ற நுணுக்கத்தை அவர் பெயரோடு வழங்க வேண்டும். அதிகாரி தன் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. மூன்றாவதாக, கற்பிக்க நேரம் ஒதுக்க வேண்டும். நான்காவதாக, பரிசு கொடுப்பதானால் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். தனியாளுக்குக் கொடுத்தால் பக்கத்திலிருப்பவர் போட்டியாளராகிவிடுவார். இறுதியாக, மேலதிகாரி "எனக்கு இது தெரியாது, சொல்லுங்கள்" என்று கேட்கப் பழக வேண்டும். செலவில்லாத இந்த ஒன்றுதான் மிகக் கடினமானது என்று அஞ்சுகிறேன்.

திண்ணைக்கு மீண்டும்

கடைசியாகச் சொன்னதற்குச் சான்று எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. சென்ற ஆண்டு எங்கள் நகரத்துக்கு ஓர் இளம் உதவிப் பொறியாளர் மாற்றலாகி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "ஐயா, எனக்கு இந்த ஊர்க் குழாய் ஒண்ணும் புரியலை. நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டணும்" என்றார். தந்தையாரை ஓர் அதிகாரி "ஐயா" என்று அழைத்ததை அன்றுதான் நான் முதல்முறை கேட்டேன். பத்து ஞாயிறுகள் இருவரும் தெருத்தெருவாய் நடந்தார்கள். அந்த இளைய பணியாளரும் உடன் சென்றார். இம்முறை அவரை எவரும் தேநீர்க் கடைக்கு அனுப்பவில்லை. வரைபடம் ஒன்று உருவாயிற்று. அதன் கீழே வரைந்தவர் என்று பொறியாளரின் பெயரும், விவரம் தந்தவர் என்று என் தந்தையாரின் பெயரும் எழுதப்பட்டன. அந்த வரைபடம் இன்று அலுவலகச் சுவரில் தொங்குகிறது. தந்தையார் என்னை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டினார்.

கதை இங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. பொறியாளர் அவருக்காகப் பரிந்துரை எழுதி அனுப்பினார்; இதை எழுதும் இன்று வரை நியமன ஆணை வரவில்லை. தந்தையார் இன்னும் தினக்கூலிதான். தம்மிடம் இருந்த ஒரே பொருளைக் கொடுத்துவிட்டார். சில இரவுகளில், "நாளைக்கு வராதேன்னு சொன்னா என்னம்மா செய்யிறது?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவைப் பெற்றுக்கொண்ட அலுவலகம்தான் அந்தப் பதிலைச் சொல்லக் கடமைப்பட்டது. சொல்லாமல் காலம் கடத்துமானால், ஊரில் இருக்கும் மற்ற எல்லா எளிய தொழிலாளர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அடுத்த முறை திண்ணையில் வந்து அமரும் அதிகாரிக்கு அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

தாம் இன்புறும் கல்வியால் உலகமும் இன்புறுவதைக் காணும் அறிஞர்கள் மேலும் அக்கல்வியையே விரும்புவார்கள் என்பது வள்ளுவர் வாக்கு. அத்தை தெருவில் தண்ணீர் தவறாமல் வருகிறது என்று கேள்விப்படும்போது என் தந்தையார் முகத்தில் அந்த இன்பத்தை நான் காண்கிறேன். அந்த இன்பம் அச்சமின்றி அனுபவிக்கக் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தோழர்களே, தோழியரே! நாளை நம்மில் சிலர் எழுத்தராவோம், சிலர் ஆசிரியராவோம், சிலர் அதிகாரியாகவும் ஆவோம். நாற்காலியில் அமர்ந்த பிறகு இவற்றை நினைவில் கொள்வோம். அதற்கு முன் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. என் செலவுக் கணக்கியல் குறிப்பேடு இப்போது துறை நூலக மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் நான்காம் பாடம் மட்டும் என் தோழி எழுதியது. அவள் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.